வீட்டிலேயே ஷவர் மாட்டலாம்

மட்டாஞ்சேரி, கொச்சியின் பழைய பகுதி. மேற்கே போனால் கடல். கிழக்கே காயல். ஆனாலும் அங்கே நல்ல தண்ணீருக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். கிணறு தோண்டினால் பல இடங்களில் உப்பு நீர் வரும். அந்தக் காலத்தில் ஆலுவாப் பக்கம் பெரியாற்றில் இருந்து வள்ளங்களில் குடிநீர் கொண்டு வந்தார்கள். இன்று கேரள நீர் ஆணையத்தின் குழாயில் தண்ணீர் வருகிறது. இந்த ஆணையம் 1984-இல் ஏற்பட்டது. தண்ணீர் வரும் நேரத்தில் கீழ்த் தொட்டியில் பிடித்து வைப்பார்கள். பிறகு மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் ஷவர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். வயதானவர்களைக் கேட்டால் தெரியும். குனிந்து வாளியில் தண்ணீர் மொள்ள முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. நாற்காலியில் உட்கார்ந்தே குளிக்கலாம்.

கடைக்குப் போகும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். மாடித் தொட்டி, ஷவரைவிட எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது? ஷவரில் தண்ணீர் வேகமாக வருவது இந்த உயரத்தால்தான். தண்ணீருக்கு எடை உண்டு. மேலே நிற்கும் தண்ணீர் கீழே உள்ள தண்ணீரை அழுத்துகிறது. 10 மீட்டர் உயரம் இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் ஒரு கிலோ அழுத்தம் இருக்கும். ஒரு மீட்டர்தான் உயரம் என்றால் 100 கிராம் அழுத்தம்தான். தொட்டி பெரியதா சிறியதா என்பது இதில் கணக்கே இல்லை.

ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். கூரை 10 அடி உயரம். ஷவர் ஆறரை அடியில். தொட்டி கூரைமேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே மூன்றரை அடிதான். தண்ணீர் நூல் போல வரும். தொட்டிக்கு ஐந்தடி உயரத்தில் மேடை கட்டினால் எட்டரை அடி ஆகும். அப்போது நன்றாக வரும்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். இப்போது உள்ள குழாயில் ஒரு ரப்பர் டியூபை மாட்டுங்கள். அதன் நுனியை ஷவர் வரப்போகும் உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். குழாயை முழுவதும் திறங்கள். ஒரு நிமிடத்தில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று வாளியில் பிடித்துப் பாருங்கள். ஐந்து, ஆறு லிட்டர் விழுந்தால் சிறிய ஷவர் போதுமான அளவு வேலை செய்யும். இரண்டு லிட்டர்தான் என்றால் ஷவர் வாங்குவது வீண் செலவு. அகலமான பெரிய ஷவரைக் கடைக்காரர் காட்டுவார். பார்க்க அழகாக இருக்கும். குறைந்த அழுத்தத்தில் அது சொட்டும், அவ்வளவுதான்.

வேகம் வேண்டும் என்பதற்காகத் தெருக் குழாயில் இருந்து வரும் இணைப்பில் நேராக மோட்டார் வைக்கக் கூடாது. அது சட்டப்படி குற்றம். மோட்டார் உறிஞ்சும்போது மண்ணுக்குள் இருக்கும் குழாயின் விரிசல் வழியே சாக்கடை நீரும் உள்ளே வரும். பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் கிடைக்காது.

அடுத்தது சுவர். மட்டாஞ்சேரியில் பழைய வீடுகள் பல, செம்புரைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. அந்தச் சுவரை வெட்டிக் குழாய் பதிப்பது நல்லதல்ல. உள்ளே குழாய் கசிந்தால் கல் தண்ணீரைக் குடிக்கும். வெளியே ஈரம் தெரிவதற்குள் பூச்சு உதிரத் தொடங்கிவிடும். சுவரின் மேலேயே குழாய் ஓட்டுவதுதான் நல்லது. கசிந்தால் கண்ணுக்குத் தெரியும்.

இதற்கு மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய் உள்ள குழாய் கடையில் கிடைக்கிறது. கீழ் வாயில் வாளிக்குப் பிடிக்கலாம். மேல் வாயில் இருந்து அரை அங்குலக் குழாய் சுவரோடு ஏறி ஷவருக்குப் போகும். வெந்நீர் போகாது என்றால் சாதாரண பி.வி.சி. குழாய் போதும். வெந்நீருக்கு சி.பி.வி.சி. குழாய்தான் வேண்டும். இரும்புக் குழாய் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

வேலை தொடங்கும் முன் மாடித் தொட்டியில் இருந்து வரும் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். பழைய குழாயை மெதுவாகக் கழற்றுங்கள். சுவருக்குள் உள்ள மரையைப் பழைய துணியால் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

புதிய குழாயின் மரையில் வெள்ளை டேப் சுற்ற வேண்டும். மரையின் நுனி உங்களைப் பார்த்து இருக்கட்டும். கடிகார முள் போகும் திசையில் எட்டுப் பத்துச் சுற்று, இழுத்துச் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் முடுக்கும்போது டேப் அவிழ்ந்து வரும். முதலில் கையால் முடுக்குங்கள். பிறகு துணி சுற்றி ஸ்பேனரால் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று. அதற்கு மேல் பலம் காட்ட வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் எல்போ இருந்தால் வெடித்துவிடும். பிறகு சுவரை உடைத்துத்தான் மாற்ற வேண்டும். குழாய் கோணலாக நின்றால் திருப்பித் தளர்த்தக் கூடாது. தளர்த்தினால் கசியும். கழற்றிப் புது டேப் சுற்றி மறுபடி மாட்டுங்கள்.

மேலே ஏறும் குழாயைப் பிடிக்க மூன்று கிளாம்ப் போதும். துளை போடும் முன் சுவருக்குள் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே கூடாது. துளை சுண்ணாம்புப் பூச்சோடு நிற்காமல் கல்லுக்குள் போக வேண்டும். பூச்சில் மட்டும் நிற்கும் திருகு சில நாளில் கையோடு வந்துவிடும்.

பி.வி.சி. குழாயைப் பசை போட்டு ஒட்டினால் ஒரு நாள் காய விடுங்கள். பிறகு ஷவர் தலையை மாட்டாமல் வால்வைத் திறந்து ஒரு வாளித் தண்ணீரை ஓடவிடுங்கள். குழாயில் கிடக்கும் மணலும் பிளாஸ்டிக் தூளும் வெளியே வந்துவிடும். இதைச் செய்யாததால்தான் புது ஷவர் பலருக்கு முதல் நாளே அடைத்துக்கொள்கிறது. அதன் பின் ஷவர் தலையை மாட்டுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். காகிதம் நனைந்தால் அங்கே கசிவு இருக்கிறது.

மின்சார ஹீட்டர் வைப்பதாக இருந்தால் அந்த வேலையை மின்பணியாளரிடம் விடுங்கள். நில இணைப்பு இல்லாத ஹீட்டரும் ஈரச் சுவரும் சேர்ந்தால் உயிர் போகும்.

இன்னொரு கணக்கு. வேகமான ஷவரில் நிமிடத்துக்கு 10 லிட்டர் போகும். ஐந்து பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் 500 லிட்டர். பல வீடுகளில் தொட்டியே அவ்வளவுதான். வாளியில் குளித்தால் ஒருவருக்கு 30 லிட்டரில் முடியும். சோப்புப் போடும்போது ஷவரை மூடினால் ஷவர்க் குளியலும் அந்த அளவுக்கு வரும். அதனால் மூடும் திருகு உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

சில மாதத்தில் ஷவரின் துளைகளில் உப்பு படியும். தண்ணீர் பக்கவாட்டில் தெறிக்கும். தலையைக் கழற்றி வினிகரில் ஓரிரு மணி நேரம் ஊற வையுங்கள். பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே உள்ள ரப்பர் வாஷரைத் தொலைக்காமல் திரும்பப் போட்டு மாட்டுங்கள்.