சு சுவின் கண்களை அவன் ஏன் எடுத்தான்?
சீனக் கற்பனை நாடகமொன்றும் ஓயாத விவாதமும்

சகோதரிகளே! ஒரு தொடர் நாடகம் முடிந்து, தொலைக்காட்சியை அணைத்த பின்னர்தான் பல வீடுகளில் உண்மையான நாடகம் தொடங்குகிறது. "அவன் செய்தது சரியா?" என்று ஒருத்தி கேட்பாள். "அவள் மட்டும் என்ன, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!" என்று மற்றவள் பதில் சொல்வாள். சமையலறை வரை அந்தப் பேச்சுத் தொடரும். மறுநாள் பக்கத்து வீட்டுக்கும் போய்விடும்.

சீனாவில் அப்படி ஆண்டுக் கணக்கில் வாதாடப்பட்ட நாடகம் ஒன்று உண்டு. 'மூன்று பிறவிகள், மூன்று உலகங்கள், பத்து லீ தூரம் பீச் மலர்கள்' என்பது அதன் நீண்ட சீனப் பெயர். ஆங்கிலத்தில் 'இடர்னல் லவ்' என்று சுருக்கிவிட்டார்கள். தாங் சி என்ற பெண் எழுத்தாளரின் நாவலைத் தழுவிய 58 அங்க நாடகம் இது. 2017 ஜனவரி 30ஆம் திகதி, சீனப் புத்தாண்டு விடுமுறையோடு தொடங்கி மார்ச் 1ஆம் திகதி முடிவடைந்தது. நாயகியாக யாங் மி, நாயகனாகத் தாய்வான் நடிகர் மார்க் சாவ் நடித்தனர்.

இவ்வகை நாடகங்களைச் சீனர்கள் 'சியன்சியா' என்பார்கள். சாகாவரம் பெற்றவர்கள், வாள் வீரர்கள், மாயக் காடுகள் எல்லாம் கலந்த கற்பனை உலகம் அது. பழைய தாவோ மதக் கதைகளிலிருந்தும் புராதன நூல்களிலிருந்தும் எடுத்துப் பின்னியவை. நாயகியின் ஊரான சிங்ச்சியுவும் அங்கே வாழும் ஒன்பது வால் நரியும், 'ஷான் ஹாய் ஜிங்' என்ற மிகப் பழைய சீன நூலிலேயே வருகின்றன. இதில் வரும் விண்ணுலகமும் பிறவிகளும் நம் நம்பிக்கைக்குரியவை அல்ல என்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கதையைக் கதையாகவே எடுத்துக்கொள்வோம். ஏனென்றால் விவாதம் நடந்தது மாயத்தைப் பற்றியல்ல, மனிதரைப் பற்றி.

கதை இதுதான்

சிங்ச்சியு நரிக்குலத்து அரசகுமாரி பை சியேன். ஊரார் எல்லோரும் அவளைக் 'குகு' என்பார்கள். தகப்பனுடன் பிறந்தவளைச் சீனர் அழைக்கும் முறை அது. இளவயதில் ஆண் வேடமிட்டு, குன்லுன் மலையில் மோ யுவான் என்ற போர்த் தளபதியிடம் மாணவனாகச் சேர்ந்து கல்வி கற்கிறாள். போர் ஒன்றில் எதிரியை ஒரு மாய மணிக்குள் அடைத்துவிட்டு ஆசான் உயிர் துறக்கிறார். அவர் உடல் அழியாதிருக்க 70,000 ஆண்டுகள் தன் இதய இரத்தத்தைக் கொடுத்துக் காக்கிறாள் மாணவி.

பின்னர் அந்த எதிரி மீண்டும் தலைதூக்க, அவனை அடக்கும் முயற்சியில் அவளுடைய சக்தியும் நினைவும் முகமும் பறிபோகின்றன. யாருமற்ற சாதாரண மானிடப் பெண்ணாக ஒரு மலையில் கண் விழிக்கிறாள். அங்கே காயம்பட்டு வந்த யே ஹுவாவைப் பராமரிக்கிறாள். அவன் விண்ணுலகின் பட்டத்து இளவரசன் என்பது அவளுக்குத் தெரியாது. சு சு என்று அவளுக்குப் பெயரிட்டவனும் அவன்தான். இருவரும் மணம் முடிக்கிறார்கள். போரில் மாண்டதுபோல் நடித்து அவளோடு மலையிலேயே வாழ்ந்துவிட நினைக்கிறான் அவன். அந்தத் திட்டம் பிழைத்துவிடுகிறது. கர்ப்பிணியான சு சு விண்ணுலக அரண்மனைக்குக் கொண்டுபோகப்படுகிறாள்.

அங்கே அவளை ஒரு பொருட்டாக மதிப்பார் இல்லை. குலம் இல்லை, கோத்திரம் இல்லை, வெறும் மானிடப் பெண்! அன்பு காட்டியவள் நய் நய் என்ற பணிப்பெண் ஒருத்திதான். யே ஹுவாவைத் தனக்கென எண்ணியிருந்த சு ஜின், உயரமான மேடையொன்றிலிருந்து தானே விழுந்துவிட்டு, சு சு தள்ளினாள் என்று பழி போடுகிறாள். அதில் தன் கண்கள் போய்விட்டன என்கிறாள். கண்ணுக்குக் கண் என்று தீர்ப்பாகிறது. சு சுவின் கண்களை எடுப்பவன் வேறு யாருமல்ல, அவளுடைய கணவன் யே ஹுவா.

பார்வை இழந்த நிலையில் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்துவிட்டு, அதே மேடையிலிருந்து குதித்துவிடுகிறாள் சு சு. குதித்ததும் பழைய உருவம் மீள்கிறது. மீண்டும் பை சியேன் ஆகிறாள். வேதனை தாளாமல் மறதி மருந்தைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். 300 ஆண்டுகளுக்குப் பின், தாயின் ஓவியத்தைப் பார்த்தே வளர்ந்த சிறுவன் ஆ லி, அவளைக் கண்டதும் "உம்மா!" என்று ஓடி வருகிறான். அவளுக்கோ எதுவுமே நினைவில்லை.

கணவன் பக்கமா, மனைவி பக்கமா?

நேயர்கள் இரண்டு பட்டது இந்தக் கண் விடயத்தில்தான்.

யே ஹுவாவின் பக்கம் பேசுவோர் சொல்வது இது. தீர்ப்புச் சொன்னவர் விண்ணுலகின் அரசர், அவனுடைய பாட்டனார். எதிர்த்தால் சு சுவின் உயிரே போயிருக்கும். கண்ணைக் கொடுத்து உயிரைக் காத்தான். அவளிடம் பாராமுகமாக இருந்ததும், அவள்மீது உயிரையே வைத்திருக்கிறான் என்பது வெளியே தெரிந்தால் அவளுக்கு ஆபத்து என்பதால்தான். அவள் குதித்ததும் அவனும் பின்னாலேயே குதிக்கிறானே! அன்பில்லாதவன் அப்படிச் செய்வானா?

எதிர்ப்பக்கத்தார் விடவில்லை. எல்லாம் சரி, அவளிடம் ஏன் சொல்லவில்லை? நீ குற்றமற்றவள் என்று எனக்குத் தெரியும், எனக்கும் வேறு வழியில்லை என்று காதோடு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தன்னைக் காக்கிறான் என்பதே தெரியாத மனைவிக்கு அது காவலா, கைவிடலா? அவள் குதித்தது கண் போனதால் அல்ல. கணவனும் தன்னை நம்பவில்லை என்று எண்ணியதால்.

சகோதரிகளே, இந்த இடத்தில் கதை விண்ணுலகத்தை விட்டு நம் திண்ணைக்கு இறங்கி வந்துவிடுகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம் நம் ஊர்கள் பலவற்றில் உண்டு. அங்கே மணப்பெண் சு சுவைப் போலத் தனித்துப் போவதில்லை. தாயும் சகோதரிகளும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். ஆனாலும் "உனக்கு ஏன் கவலை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கடனையும் நோயையும் வழக்கையும் மனைவியிடம் மறைக்கும் ஆண்கள் எங்கும் உண்டு. நல்லெண்ணத்தோடுதான் மறைக்கிறார்கள். மறைத்ததன் விலையைக் கொடுப்பவள் மனைவி.

கதாசிரியை இன்னொரு முடிச்சும் போட்டிருக்கிறார். யே ஹுவாவுக்குப் பெரியவர்கள் முன்னரே நிச்சயித்திருந்த மணமகள் யார் தெரியுமா? சிங்ச்சியு அரசகுமாரி பை சியேன்! குலமற்றவள் என்று அரண்மனை எவளை இழிவாக நடத்தியதோ, அவளையேதான் பெருமையோடு மருமகளாக எதிர்பார்த்துக் காத்திருந்தது. பெண் ஒருத்திதான், மாறியது குடும்பப் பெயர் மட்டும். பெயரைப் பார்த்து மரியாதை தரும் பழக்கத்துக்கு இதைவிடக் கடுமையான சூடு வேறு உண்டா?

மறந்தவள் மன்னிக்க முடியுமா?

அடுத்த வாதம் இதைவிட நுட்பமானது. இரண்டாம் முறை சந்திக்கும்போது யே ஹுவா மிக நல்ல கணவனாகவும் தந்தையாகவும் இருக்கிறான். சமைத்துக் கொடுக்கிறான், பிள்ளையைத் தூங்க வைக்கிறான். பை சியேனின் ஆசான் மீண்டு வருவதற்கான மூலிகையைக் கொண்டுவரப் போய் வலது கையையே இழக்கிறான். பை சியேனும் அவனை விரும்பத் தொடங்குகிறாள். ஆனால் அவள் விரும்புவது, தனக்கு அவன் செய்தது என்னவென்று தெரியாத நிலையில் அல்லவா?

"சு சுவுக்கு நீதி கிடைக்கவேயில்லை" என்பது ஒரு சாராரின் முறைப்பாடு. மற்றவர்களோ பிற்பகுதியைச் சுட்டிக்காட்டுவார்கள். நினைவு திரும்பியதும் பை சியேன் அழுதுகொண்டு இருக்கவில்லை. நேரே சு ஜின்னிடம் போய்த் தன் கண்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாள். கணவனின் முகத்தைப் பார்க்கவும் மறுத்துவிடுகிறாள். மன்னிப்புக்கு நேரம் கிடைப்பதற்குள் அவன் போரில் மடிகிறான். அவன் மீண்டு வரும் வரை மூன்று ஆண்டுகள் காத்திருந்தபோதுதான் அவள் உண்மையில் மன்னித்தாள் என்கிறார்கள்.

சு ஜின்னுக்காகப் பரிந்து பேசுவோரும் இல்லாமலில்லை. அவளுடைய குலம் முழுவதும் போரில் அழிந்தது. அநாதையாக அரண்மனையில் வளர்ந்தவள். இளவரசி என்ற பட்டம் கொடுத்தார்களே தவிர, அவளைத் தம் பிள்ளையாக யாரும் எண்ணினார்களா? இந்தப் பரிவு நியாயமானதே. ஆனால் ஒருத்தியின் துயரம் அவள் செய்த தீமையின் காரணத்தை விளக்குமே தவிர, அந்தத் தீமையை நியாயமாக்கிவிடாது.

தண்ணீர் ஊற்றிய கதை

பாத்திரங்களுக்கு அடுத்தபடியாகச் சண்டை நடந்தது கதையின் வேகத்தைப் பற்றி. நாவலில், சு சுவின் துயரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பிறகு பை சியேனே தன் வாயால் கதை சொல்லத் தொடங்குகிறாள். மறந்தவள் சொல்லும் கதை என்பதால் வாசகரும் அவளோடு சேர்ந்து மெல்ல மெல்லத்தான் உண்மையை அறிகிறார்கள். நாடகமோ குன்லுன் மலையில் தொடங்கி, நடந்த வரிசையிலேயே நகர்கிறது. நாவலின் இரகசியம் போய்விட்டதே என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். ஆனால் நாடகத்துக்கு வேறொரு பலம் கிடைத்தது. அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். ஆ லி "உம்மா" என்று ஓடி வரும் காட்சியில், அவள் திகைத்து நிற்க நாம் கண்ணைத் துடைக்கிறோம்.

இருந்தாலும் 58 அங்கங்கள்! ஓர் அங்கம் 45 நிமிடம் என்றால் ஏறத்தாழ 43 மணித்தியாலம். இழுத்தடிக்கும் நாடகத்தைச் சீன நேயர்கள் 'தண்ணீர் ஏற்றியது' என்பார்கள். எடை கூட்டுவதற்காக இறைச்சியில் தண்ணீர் ஏற்றும் வியாபாரிகளின் மோசடியிலிருந்து வந்த சொல் அது. ஆணத்தில் தண்ணீர் கூடிப்போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? நாடகங்கள் அங்கக் கணக்கில் விற்கப்படுவதால், அங்கம் கூடக் கூடத் தயாரிப்பாளருக்கு வருமானம் கூடும். தண்ணீர் ஊற்றும் காரணம் அதுதான்.

2020 பெப்ரவரியில் சீன அரசின் ஒளிபரப்பு நிர்வாகம் இதில் தலையிட்டது. ஒரு நாடகம் 40 அங்கங்களைத் தாண்டக்கூடாது, 30க்குள் முடிப்பது விரும்பத்தக்கது என்று அறிவித்தது. 2022இல் வெளிவந்து புகழ்பெற்ற 'லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்' 36 அங்கங்களில் முடிந்தது. அதற்குப் பின் முறைப்பாடும் மாறியது. முன்பு "ஏன் இவ்வளவு இழுக்கிறார்கள்?" என்றவர்கள், சில நாடகங்களுக்கு "முடிவை ஏன் இப்படி அவசரமாகச் சுருட்டினார்கள்?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

நேயரின் ஆவலையே காசாக்கியதும் உண்டு. 2019 ஒகஸ்டில் 'தி அன்டேம்ட்' என்ற 50 அங்க நாடகத்தின் கடைசி ஆறு அங்கங்களை முன்கூட்டியே பார்க்க, ஏற்கனவே சந்தா கட்டியவர்களிடமே மேலும் 30 யுவான் கேட்டது ஒளிபரப்பு நிறுவனம். வேறு நாடகங்களுக்கும் இது பரவவே பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. 2021 ஒக்டோபரில் பெரிய நிறுவனங்கள் மூன்றும் அந்த முறையைக் கைவிட்டன. ஆகவே நாடகம் பார்ப்பவர் வெறுமனே பார்த்துவிட்டுப் போகிறவர் அல்லர். அவருடைய குரலுக்கும் வலு உண்டு.

உங்கள் வீட்டு விவாதம்

இப்படியான நாடகத்தை உங்கள் பிள்ளைகள் பார்த்தால், "இதென்ன பைத்தியக்காரக் கதை" என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் மகள் தன் திருமண வாழ்வைப் பற்றி உங்களிடம் நேரடியாகப் பேசக் கூச்சப்படலாம். சு சுவைப் பற்றித் தாராளமாகப் பேசுவாள். "யே ஹுவாவின் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்?" என்று மகனைக் கேட்டுப் பாருங்கள். "சு சு யாரிடம் உதவி கேட்டிருக்கலாம்?" என்று மகளைக் கேளுங்கள். பதில் சரியா, பிழையா என்று உடனே தீர்ப்புச் சொல்லாமல், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் அறியாத பல விடயங்கள் அந்தப் பதிலில் வெளிவரும்.

விவாதத்துக்கும் ஒரு வரம்பு உண்டு என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பாத்திரம் வேறு, நடித்தவர் வேறு. சு ஜின் மீதுள்ள கோபத்தை அந்த வேடத்தில் நடித்த பெண்ணின் மீது காட்டுவது அநியாயம். மாற்றுக் கருத்துச் சொன்ன தோழியிடம் கோபித்துக்கொள்வதும் அப்படியே.

கடைசியாக ஒரு கேள்வி, சகோதரிகளே. நினைவு திரும்பிய பின் பை சியேன் அவனை ஏற்றுக்கொண்டது சரிதானா? கதாசிரியை தன் பதிலைச் சொல்லிவிட்டார். சீனத்து நேயர்கள் பாதிப் பேர் அதை ஏற்கவில்லை என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன். இன்றிரவு வேலையெல்லாம் முடிந்து ஆறுதலாக உட்காரும் நேரத்தில் இந்தக் கதையை உங்கள் வீட்டில் சொல்லிப் பாருங்கள். உங்கள் கணவர் எந்தப் பக்கம் பேசுகிறார் என்பதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.