தெளிப்பான் பேட்டரி: ஈயமா, லித்தியமா?

பேட்டரி தெளிப்பானில் ஒரே பருவத்தில் சார்ஜ் நிற்காமல் போகிறதா? பெரும்பாலும் கோளாறு மோட்டாரில் இருக்காது, பேட்டரியைப் போட்டு வைத்த விதத்தில்தான் இருக்கும்.

1996-ல் அமெரிக்காவில் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஈவி1 மின்கார் முதலில் ஈய-அமில பேட்டரியில்தான் ஓடியது. 1997-ல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ் நிக்கல் வகையையும், 2008-ல் டெஸ்லா ரோட்ஸ்டர் லித்தியம்-அயனையும் எடுத்துக்கொண்டன. அதே எடையில் கூடுதல் மின்சாரம் கொள்வதே காரணம். இப்போது ஈயம், லித்தியம் இரண்டுமே தெளிப்பானிலும் கிடைக்கின்றன.

12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். சார்ஜ் தீர்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏறாது. எனவே மருந்து அடித்த அன்றே முழுதாக ஏற்றுங்கள். வேலையில்லாத காலத்திலும் மாதம் ஒருமுறை ஏற்ற வேண்டும். லித்தியம் அப்படியல்ல. நெடுநாள் வைப்பதானால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் நாளுக்குப் பத்து டேங்க் தோளில் சுமப்பவருக்கு அது தகும் என்பேன். ஈய பேட்டரியின் சார்ஜரை மட்டும் அதில் மாட்டாதீர்கள். உப்பிவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

பழைய ஈய பேட்டரியை வரப்பில் வீசாமல் பேட்டரிக் கடையில் கொடுங்கள், எடைக்குக் காசு கிடைக்கும்.