போபாலில் எஞ்சிய விஷம்

போபால் என்றதும் நமக்கு நினைவு வருவது 1984-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவுதான். யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கிளம்பிய விஷ வாயு, உறங்கிக் கொண்டிருந்த நகரத்தின் மேல் கவிந்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். அந்தத் துயரக் கதையை நம் நேயர்கள் அறிவார்கள். ஆனால் அதே ஆலையைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. அது ஓர் இரவில் நடந்ததன்று. வருஷக் கணக்கில், மெள்ள மெள்ள நடந்தது.

1969-ல் தொடங்கிய அந்த ஆலை, 'செவின்' என்னும் பூச்சிகொல்லி மருந்தைத் தயாரித்தது. மருந்து விற்பனைக்குப் போயிற்று. மிஞ்சிய கசடோ ஆலை வளாகத்துக்குள்ளேயே குழிகளில் போடப்பட்டது. 1977-ல், ஆலைக்கு வெளியே 30 ஏக்கருக்கு மேல் குளங்கள் வெட்டிக் கழிவு நீரைத் தேக்கினார்கள். வெயிலில் நீர் வற்றும், கசடு அடியில் தங்கும் என்பது ஏற்பாடு. ஆனால் குளத்தின் அடியில் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பு கசிந்தது. குழிகளில் கிடந்ததையோ வருஷந்தோறும் மழை கரைத்துக்கொண்டு பூமிக்குள் இறங்கிற்று.

விபத்துக்குப் பின் ஆலை மூடப்பட்டது. கசடு மட்டும் அங்கேயே கிடந்தது. 1999-ல் 'கிரீன்பீஸ்' சங்கத்தார் பரிசோதித்தபோது, ஆலை மண்ணில் பாதரசமும், சுற்றுப்புறத்துக் கைப்பம்புத் தண்ணீரில் குளோரோபாரம், கார்பன் டெட்ராகுளோரைடு முதலிய இரசாயனங்களும் இருக்கக் கண்டார்கள். அந்தத் தண்ணீரில்தான் தாய்மார்கள் உலை வைத்தார்கள். அதைத்தான் குழந்தைகளுக்குப் புகட்டினார்கள். வாயு விபத்துக்குப் பிறகு அங்கே குடியேறியவர்களையும் அந்த விஷம் விட்டு வைக்கவில்லை. அந்தப் பேட்டைகளுக்கு நல்ல ஜலம் கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது 2004-ல்!

2005-ல் வளாகத்தில் கிடந்த கசட்டில் ஒரு பகுதியைத் திரட்டி, மூட்டை கட்டிக் கிடங்கில் வைத்தார்கள். அதை எங்கே அழிப்பது? குஜராத் மறுத்தது. 2012-ல் ஜெர்மனிக்கு அனுப்பும் யோசனை எழுந்து, அதுவும் கைவிடப்பட்டது. கடைசியில், ஹைகோர்ட்டின் உத்தரவின் பேரில், 2025 ஜனவரி முதல் தேதி இரவு 12 லாரிகள் அதை ஏற்றிக்கொண்டு பீதாம்பூருக்குப் புறப்பட்டன. அவ்வூர் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். கிளர்ச்சியில் இருவர் தீக்குளிக்க முயன்று காயமடைந்தார்கள். அவர்களை அறிவிலிகள் என்று நாம் சொல்ல மாட்டோம். நாற்பது வருஷம் ஒருவரும் தொட அஞ்சிய பொருள் நம் தெருவுக்கு வந்தால் நாம் மட்டும் சும்மா இருப்போமா? சோதனைகளுக்குப் பின், ஜூன் மாத முடிவுக்குள் 337 டன் கசடும் உலையில் எரிக்கப்பட்டது.

'போபால் சுத்தமாயிற்று' என்று சிலர் பெருமூச்சு விட்டார்கள். இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். எரிந்தது கிடங்கில் இருந்த மூட்டைகள் மாத்திரமே. ஆலையிலும் சுற்றுப்புறத்திலும் கெட்டுப்போன மண் சுமார் 11 லட்சம் டன் இருக்கும் என்று 2010-லேயே தேசிய ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் கணக்கிட்டிருந்தார்கள். எரிந்தது அதில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! கூடத்தில் ஒரு பிடி குப்பையை வாரிவிட்டு, வீடு முழுவதும் பெருக்கியாயிற்று என்று எந்த இல்லத்தரசியாவது சொல்வாளா?

யார் செலவில் சுத்தம் செய்வது என்பதில் வழக்குகள் நீண்டன. 1998-லேயே நிலம் ராஜ்ய சர்க்காரிடம் திரும்பி வந்துவிட்டது. 2001-ல் யூனியன் கார்பைடை வாங்கிய அமெரிக்கக் கம்பெனியோ தனக்குப் பொறுப்பில்லை என்றது. லாபம் கடல் கடந்து போகலாம். கசடு மட்டும் நம் பூமிக்குச் சொந்தமாம்! இது என்ன நியாயம்?

வழக்கு தீரும் வரையில் நிலத்தடி நீர் காத்திருக்காது. மண்ணையும் நீரையும் வருஷந்தோறும் சோதித்து, முடிவுகளை ஜனங்களுக்குப் புரியும் பாஷையில் சர்க்கார் வெளியிட வேண்டும். கெட்ட மண்ணைச் சுத்தம் செய்யும் வேலையையும் தள்ளிப் போடாமல் தொடங்க வேண்டும். பேட்டையிலுள்ள ஒரு தாய் அச்சமின்றிக் கிணற்று ஜலத்தைக் குழந்தைக்குக் கொடுக்கும் நாளில்தான் போபால் சுத்தமாயிற்று என்று நாம் ஒப்புக்கொள்வோம்.