முதல் ஆறு வயது – 7: டீச்சருக்கு நேரம் இருக்கிறதா?

சத்துமாவு, முட்டை, கலவை சாதம் என்று அங்கன்வாடியின் சமையலைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் படிப்பு.

ஒரு மையத்தில் டீச்சர் பாயில் புளியங்கொட்டைகளைப் பரப்பி வைத்திருந்தார். “இதுல பெரிசு எது, சின்னது எது?” மூன்று வயதுச் சிறுமி இரண்டு கொட்டைகளை எடுத்துக் காட்டினாள். “இது அம்மா, இது பாப்பா.” டீச்சர் அவளைத் திருத்தவில்லை. “அப்ப அப்பா எங்க?” என்றார். அவள் குவியலைக் கிளறி, அதைவிடப் பெரிய கொட்டையைத் தேட ஆரம்பித்தாள். ஒப்பிடுவது, வரிசைப்படுத்துவது, வாய்திறந்து பேசுவது என எல்லாப் பாடமும் அந்தத் தேடலில் இருந்தது. அதற்குள் ஒரு கர்ப்பிணிப் பெண் எடை பார்க்க வந்துவிட்டார். டீச்சர் எழுந்தார். எடை, பதிவேடு, பிறகு ஊட்டச்சத்து விவரங்களைப் பதியும் போஷன் டிராக்கர் செயலி. ஆயாவோ அடுப்படியில். பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்தார்கள்.

இதில் டீச்சரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது அங்கன்வாடித் திட்டம். ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, தாய்மார்களுக்கு ஆலோசனை, முன்பருவக் கல்வி என ஆறு சேவைகளையும் ஒரே பணியாளரின் தோளில் ஏற்றியது. நேரம் போதாதபோது முதலில் அடிபடுவது கல்விதான். எடை எழுதாவிட்டால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். கதை சொல்லாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

இதற்கு என்ன வழி என்பதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அலெஹாண்ட்ரோ கானிமியன், கிறிஸ்டபர் வால்டர்ஸ் மூவரும் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் பாதி மையங்களுக்கு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக வந்தார். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்ற மையத்துப் பிள்ளைகளை முந்தினார்கள். வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைகளும் குறைந்தார்கள். ஏற்கெனவே இருந்த டீச்சருக்கு ஊட்டச்சத்துப் பணியைக் கவனிக்க நேரம் கிடைத்தது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

கவனிப்பு வேறு, கல்வி வேறு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். சின்னப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்: தன்னிடம் பேச, தான் சொல்வதைக் கேட்க, அவசரமில்லாத ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சுவரில் ஓவியமும் புதுக் கட்டடமும் நல்லவைதான். அந்த மனிதருக்கு அவை ஈடாகாது.

உங்கள் ஊர் மையத்துக்கு ஒருநாள் காலையில் போய்ப் பாருங்கள். “ஏ, பி, சி, டி சொல்லித் தருகிறீர்களா?” என்று கேட்காதீர்கள். பிள்ளைகளோடு உட்கார டீச்சருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று கேளுங்கள். பதில் சங்கடமாக இருந்தால், அடுத்த கிராம சபையில் இரண்டாவது பணியாளர் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். சாலைக்கும் தண்ணீருக்கும் கேட்கிற அதே உரிமையோடு இதையும் கேட்கலாம்.

அடுத்த வாரம்: தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான காப்பகங்கள்.

(தொடரும்)