இரவுச் சிறகுகள் – 9: பைக்குள் குடியிருப்பவள்

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவாசல் விளக்கடியில் வந்து ஒட்டிக்கொண்ட அட்லஸ் அந்துப்பூச்சியைப் பார்த்தோம். இந்த வாரம் வருகிறவள் எந்த விளக்குப் பக்கமும் வரமாட்டாள். அவளுக்குச் சிறகே கிடையாது.

கிள்ளான், கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அவளைத் தெரியும். மட்டையின் அடிப்புறம் சருகுத் துணுக்கு போலத் தொங்கும் சின்னப் பை. முட்டையிலிருந்து வந்த கையோடு புழு பட்டு நூலில் இலைத் துணுக்கைக் கோத்துப் பை கட்டிக்கொள்கிறது. தான் வளர வளர அதையும் பெரிதாக்குகிறது. தலையையும் முன்கால்களையும் மட்டும் நீட்டி இலையைச் சுரண்டித் தின்கிறது. ஆண், சிறகு முளைத்ததும் பறந்துவிடும். பெண் அதே பைக்குள் இருந்தபடியே வாசத்தால் ஆணை வரவழைத்து, அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே முடிந்துபோகிறாள்.

அந்துப்பூச்சிகளை இனம் பிரிப்பவர்கள் முதலில் பார்ப்பது சிறகின் நிறத்தையும் நரம்போட்டத்தையும். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் ஆணின் பிறப்புறுப்பை அறுத்து உருப்பெருக்கியில் வைப்பார்கள். இங்கோ பெண்ணுக்குச் சிறகில்லை. ஆண் சில நாள்தான் உயிரோடிருக்கும். ஆகவே தோட்டத்தில் பையே அடையாளம். நீண்ட நூலில் ஊசலாடினால் டெரோமா பெண்டுலா. கொக்கிபோல் வளைந்த காம்பில் தொங்கினால் மெடிசா பிளானா. இலைத்துண்டுகள் தாறுமாறாகத் துருத்திக்கொண்டு பெரிதாக இருந்தால் மகாசேனா கார்பெட்டி. கடைசிப் பெயரில் இருப்பவர் கார்பெட், அந்நாளில் கோலாலம்பூர் விவசாய இலாகாவின் பூச்சியியல் அதிகாரி. 1928-ல் லண்டனிலிருந்து பூச்சியியலாளர் டாம்ஸ் வைத்த பெயர் அது. மகாசேனன் முருகனுக்கும் ஒரு பெயர். பத்துமலை இருக்கும் ஊரில் அது காதில் விழாமல் போகுமா?

மண்டோராக இருந்த என் மாமா ஒருமுறை மட்டையைத் திருப்பிக் காட்டினார். நான் மடமடவென்று எண்ணி நாற்பது என்றேன்.

"பையை எண்ணாதே தம்பி, உசுரை எண்ணு" என்று ஒன்றைக் கிள்ளிப் பிரித்தார். உள்ளே காய்ந்த தோல்தான் இருந்தது. அடுத்ததில் புழுவுக்குப் பதில் குளவியின் கூடு. நாற்பதில் உயிரோடிருந்தவை ஆறோ ஏழோ.

இந்தக் கணக்கு தெரியாமல்தான் 1950-களின் கடைசியில் வினை வந்தது. டிடிடி போன்ற, நாள்பட நிற்கும் மருந்துகளைத் தோட்டங்களில் அடித்தார்கள். புழுவைப் பை காத்தது; புழுவுக்குள் முட்டையிடும் குளவிகளைக் காக்க ஒன்றுமில்லை. அவை செத்தன, புழு பெருகியது. பூச்சியியலாளர் பிரையன் உட் இதை ஆராய்ந்து, 1968-ல் கோலாலம்பூரில் வெளிவந்த தம் செம்பனைப் பூச்சிகள் நூலில் விளக்கினார். கண்மூடித்தனமாக அடிப்பதை நிறுத்திய இடங்களில் குளவிகள் திரும்பின. தொல்லை அடியோடு தீரவில்லை. 2013-ல் மலேசிய அரசு மெடிசா பிளானாவை ஆபத்தான பூச்சி என்றே அறிவித்தது.

கிள்ளான் பக்கம் போகும்போது தோட்டப் பாதையோரம் மஞ்சள் டர்னெரா பூக்கள் வரிசையாக நிற்பதைக் கண்டால் பறித்துவிடாதீர்கள். குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று நட்டவை அவை.