வாசலில் நிற்கும் வேலை

அக்கா மகள் ஹோட்டல் வேலைக்கான படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்டில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் ஒரு காலை ஏழு மணிக்கு எதிரே வந்து உட்கார்ந்து கேட்டாள். "மாமா, மாநாடு, விழா நடத்துற வேலையை முறையா கத்துக்கணும். எங்கே ஆரம்பிக்கிறது?"

மாநாடு என்றதும் உன் மனதில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். மேடை, விளக்கு, பின்னால் பெரிய திரை என்றாள். கண்டோஜி ஏரியில் இரண்டு பொற்பறவைகள் சுமக்கும் படகுபோல நிற்கும் கரவெய்க் மண்டபத்தில் ஒரு விருந்தையாவது தன் கையால் நடத்திவிட வேண்டும் என்பது அவள் ஆசை. நல்ல ஆசைதான். 1974-இல் கட்டி முடித்த அந்த மண்டபம் எங்கள் பேட்டையின் பெருமை. ஆனால் அவள் சொன்னதெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு தெரிகிறவை. நடத்துகிறவர் நிற்கவேண்டிய இடம் வாசல். வருகிறவர் எதில் வந்து இறங்குகிறார், குடையை எங்கே வைக்கிறார், தாகம் எடுத்தால் எங்கே போகிறார், கழிப்பறை எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதையெல்லாம் அங்கிருந்துதான் பார்க்க முடியும்.

அவளுக்கு இனிப்பும் பாலும் தூக்கலாக ஒரு ச்சோ செய்ன் சொல்லிவிட்டு, மேஜையில் இருந்த வெறுந்தேநீர்க் கூஜாவைக் காட்டினேன். ரங்கூனில் எந்தத் தேநீர்க் கடையிலும் அது காசில்லாமல் மேஜைமேல் இருக்கும். நாம் கேட்டது வர ஐந்து நிமிஷம் ஆனாலும் தொண்டை காயாது, கோபமும் வராது. காத்திருக்கும் நேரத்தைத் தாங்கும்படி செய்வது இந்தத் தொழிலில் பாதி. இந்தக் கடைக்காரர் எந்த வகுப்பிலும் படிக்காமலே அதைத் தெரிந்து வைத்திருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை வடக்கே கபா ஏ பகோடாவுக்கு அழைத்துப் போனேன். பகோடாவுக்குப் பக்கத்தில், வெளியே பாறைக் குன்று போலவும் உள்ளே பெரிய மண்டபமாகவும் இருக்கிறது மகா பாசாண குகை. ஆறாவது பௌத்த சங்காயனம் 1954 மே 17-இல் அங்கே தொடங்கி 1956 மே 24-இல் முடிந்தது. எட்டு நாடுகளிலிருந்து வந்த 2,500 பிக்குகள் கூடி, பாலித் திரிபிடகம் முழுவதையும் சரிபார்த்து ஓதினார்கள். இரண்டு வருஷம் நடந்த மாநாடு! இந்தத் தொழிலைக் கற்க நினைக்கும் எவருக்கும் இந்த ஊரில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது என்று நான் நம்புகிறேன்.

அதில் முதலில் முடிவானது முடிவு நாள். புத்தர் பரிநிர்வாணம் அடைந்து 2,500 ஆண்டுகள் நிறைவதாகத் தேரவாதக் கணக்கு சொல்லும், பர்மியக் கசோன் மாதப் பௌர்ணமி அது. நமக்கு வைகாசி விசாகம் வருவதும் அதையொட்டித்தான். அந்த நாளை யாராலும் தள்ளிப்போட முடியாது. ஆகவே எல்லாம் அங்கிருந்து பின்னோக்கி எண்ணப்பட்டன. ஓதி முடிக்க எத்தனை அமர்வு வேண்டும், அதற்கு எப்போது தொடங்கவேண்டும், தொடங்குவதற்குமுன் மண்டபம் எப்போது எழும்ப வேண்டும் என்று. பிரதமர் ஊ நூவின் அரசு அந்தக் குகையை ஏறக்குறைய 14 மாதத்தில் கட்டி முடித்தது. பிக்குகள் தங்க விடுதிகள், சாப்பாட்டுக் கூடம், மருத்துவமனை, திருத்திய பாடத்தை அச்சிட அச்சகம் எல்லாம் அதே வளாகத்தில் எழுந்தன.

அடுத்தது விருந்தினரின் நாட்காட்டி. பிக்குகள் மழைக்காலத்தில் மூன்று மாதம் இருந்த இடத்தை விட்டுப் பயணம் போகக்கூடாது. அதனால் முதல் அமர்வு அந்தக் காலம் தொடங்குமுன்பே முடிந்தது. இரண்டாவது நவம்பரில்தான் கூடியது. மொத்தம் ஐந்து அமர்வுகள், எதுவும் மழைக்கால வாசத்தின்மேல் விழவில்லை. இன்னொரு விதியும் உண்டு. பிக்குகள் உச்சிவேளை தாண்டினால் உண்பதில்லை. பன்னிரண்டு மணிக்குமேல் ஒரு நிமிஷம் தாமதமானாலும் அன்றைக்கு அவர் பட்டினி. ஆயிரக்கணக்கான பேருக்கு அந்தக் கெடுவுக்குள் பரிமாறி முடிக்கிற சமையலறையை நினைத்துப் பார் என்றேன். அவள் பேசாமல் நின்றாள். அப்போதுதான் அவளுக்கு வேலையின் கனம் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

சபையில் பாடத்தைப் பற்றிக் கேள்வி கேட்டவர் மூத்த பிக்கு மஹாசி சயாடோ. நினைவிலிருந்து பதில் சொன்னவர் இன்னொரு பிக்குவான மிங்குன் சயாடோ. கேட்கவே மெய்சிலிர்க்கும் காட்சி. ஆனால் அது நடப்பதற்கு வெகுநாள் முன்பே பிக்குகள் கூட்டங்கூட்டமாக உட்கார்ந்து, பல நாட்டு ஏடுகளோடும் பதிப்புகளோடும் பாடத்தை ஒப்பிட்டுத் திருத்தி வைத்திருந்தார்கள். சபை கூடியபின் தகராறு செய்து தீர்க்கவேண்டியது அதிகம் இருக்கவில்லை. கட்டுரைகளைக் கூட்டத்தன்று கையில் கொடுத்துவிட்டு விவாதம் சூடாக இல்லையே என்று வருத்தப்படும் அமைப்பாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கூட்டத்தின் தரம் கூட்டத்துக்குமுன் நடந்த வேலையில் இருக்கிறது.

குகைக்கு ஆறு வாசல். ஆறாவது சங்காயனம் என்பதன் அடையாளம் அது. எனக்கு அந்த எண்ணிக்கையில் வேறொரு நிம்மதி. பெருங்கூட்டம் ஒரே கதவில் முட்டாமல் ஆறு பக்கம் பிரியலாம். எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் கதவுகளை எண்ணு, பிறகு அவற்றில் எத்தனை உண்மையில் திறக்கும் என்று தள்ளிப் பார் என்று அங்கேதான் அவளுக்குச் சொன்னேன். பூட்டிய கதவு சுவர்தான்.

திரும்பி வந்ததும் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். டிசம்பரில் 300 பேர் வரும் இரண்டு நாள் கூட்டம் என்று வை. ஆறு மாதத்துக்குமுன் மண்டபம். நான்கு மாதத்துக்குமுன் பேச்சாளர் சம்மதம், வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு விசாவுக்கான கடிதம். இரண்டு மாதத்துக்குமுன் அழைப்பும் பதிவும். ஒரு வாரத்துக்குமுன் சாப்பாட்டுக்காரருக்குத் தலைக்கணக்கு. அதற்குப்பின் குறைத்தாலும் காசு குறையாது, ஆகவே அந்தத் தேதியை ஒப்பந்தத்தில் வாசித்து வை. வெளியூரிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்குகிறவரென்றால் வார்டு அலுவலகத்தில் விருந்தினர் பதிவு உண்டு, அதை யார் செய்வது என்று பேர் போட்டு எழுது. கூட்ட அனுமதியை வாய்வார்த்தையாக விடாதே. ஏப்ரலில் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா நாட்களில் ஊரே மூடிக்கிடக்கும், அந்த வாரங்களை வேலைநாளாக எண்ணாதே. மே பாதியிலிருந்து அக்டோபர்வரை மழை. அப்போது திறந்தவெளி என்றால் கூரை போட்ட இன்னொரு இடமும் கையில் இருக்கவேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதட்டியே சொன்னேன். ஜெனரேட்டர் இருக்கிறது என்று மண்டபக்காரர் சொன்னால் நம்பித் திரும்பி வராதே. எந்தெந்த லைன் அதில் ஓடும் என்று கேள். மெயினை அணைக்கச் சொல்லி நின்று பார். விளக்கு எரியும், மைக் செத்திருக்கும். எத்தனையோ இடத்தில் அப்படித்தான்.

சாப்பாட்டு வரிசையில் நான் பட்ட அவமானத்தையும் அவளிடம் மறைக்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் இதேபோல 300 பேர் கூட்டம். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விட்டிருந்தேன். நீளமாக ஒரே மேஜை, சுவரோரம் போட்டு ஒரு பக்கம் மட்டும் வரிசை. ஒருவர் தட்டெடுத்து, சோறு, குழம்பு, பொரியல் வைத்துக்கொண்டு நகர இருபது விநாடி. முன்னூறை இருபதால் பெருக்கினால் ஆறாயிரம் விநாடி, அதாவது நூறு நிமிஷம். இந்தக் கணக்கை ஒரு நாள் முன்பு போட்டிருக்கலாம். மூன்றாவது வகுப்புக் கணக்குதான். பிற்பகல் பேச்சாளர் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த ஒரு வயதான தமிழாசிரியர் வரிசையின் கடைசியில் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டு மேஜை, அவற்றை நடுவில் இழுத்து இரண்டு பக்கமும் வரிசை விட்டிருந்தால் நான்கு வரிசை. இருபத்தைந்து நிமிஷத்தில் எல்லார் கையிலும் தட்டு. அதற்கு ஒரு காசு அதிகம் ஆகியிருக்காது.

இதெல்லாம் நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. கல்யாணத்தில் பந்தி விசாரிக்க என்றே ஒருவர் இருப்பார். யாருக்கு ரசம் வரவில்லை என்பது அவர் கண்ணுக்குத்தான் தெரியும். கோவில் திருவிழாவில் கொடியேற்றத்திலிருந்து தீர்த்தவாரிவரை நாள் பிரித்து, இன்ன நாள் இன்னார் கட்டளை என்று வைத்த முறை எத்தனை தலைமுறைப் பழையது! ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்கள் கல்யாணச் சாமான் பட்டியலையும் வட்டிக் கணக்கைப் போலவே வரிபிசகாமல் எழுதினார்கள். தொழில் என்று வரும்போது கூடுதலாக வேண்டுவது, பெரியவர் தலைக்குள் இருப்பதைக் காகிதத்துக்குக் கொண்டுவருவது. அவருக்குக் காய்ச்சல் வந்தாலும் திருவிழா நடக்க வேண்டுமே. நிமிஷவாரியாக யார் எங்கே என்ன செய்கிறார் என்று எழுதிய தாளை ரன் ஷீட் என்பார்கள். தண்ணீர் போத்தல் வைக்கிற பையன் கையிலும் அதன் ஒரு பிரதி இருக்கவேண்டும். வரவுசெலவில் பத்தில் ஒரு பங்கை எதற்கென்று பேர் சொல்லாமல் ஒதுக்கி வைத்துவிடு, அதற்குரிய செலவு தானாக வந்து சேரும்.

ஒரு பேரில் இரண்டு நிகழ்ச்சி ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். 1968 ஜனவரியில் சென்னையில் நடந்த இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டில் அறிஞர்கள் கட்டுரை படித்த ஆய்வரங்கம் ஒன்று. மெரினாவில் சிலைகளும் தெருவில் அலங்கார ஊர்திகளும் லட்சக்கணக்கான ஜனங்களுமாக நடந்த விழா இன்னொன்று. அறிஞருக்கு அமைதியான அறையும் நேரம் தவறாத தலைவரும் வேண்டும். தெருவில் நிற்கும் குடும்பத்துக்கு நிழலும் குடிதண்ணீரும் தொலைந்த பிள்ளையைச் சேர்க்கும் இடமும் வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் குழு, தனித்தனித் திட்டம்.

இனிச் சொல்வதை அவளிடம் சொல்லத் தயங்கினேன், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1974 ஜனவரி 10, யாழ்ப்பாணம், நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள். வீரசிங்கம் மண்டபம் கொள்ளாத ஜனம் வெளியே திரண்டு பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. போலீஸ் புகுந்து கண்ணீர்ப்புகை வீசியது, மேல்நோக்கிச் சுட்டது. மின்கம்பி அறுந்து விழுந்தது. தமிழ் கேட்க வந்தவர்கள் மின்சாரம் பாய்ந்து செத்தார்கள். அந்தக் குற்றம் மாநாட்டை நடத்தியவர்கள் தலையில் இல்லை. அதை நான் யாரிடமும் எப்போதும் அழுத்திச் சொல்வேன். ஆனாலும் அதைப் படித்த நாளிலிருந்து ஒரு திறந்தவெளிக்குப் போனால் முதலில் அண்ணாந்து பார்க்கிறேன். கம்பி எங்கே போகிறது? கூட்டம் ஓடினால் எந்தப் பக்கம் ஓடும்? ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் நின்றால் நெருக்கம். ஐந்தைத் தாண்டினால் தன் காலை எங்கே வைப்பது என்பது ஒருவர் கையில் இல்லை, கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த அளவு வருவதற்கு முன்பே வாசலில் நிற்கிறவள் நிறுத்தவேண்டும், உள்ளே இடம் இருப்பதுபோல் தெரிந்தாலும்.

"சான்றிதழ்?" என்றாள். உண்டு. 1985 முதல் சி.எம்.பி. என்ற தேர்வு நடக்கிறது. அதற்கு உட்காரவே வேலை அனுபவம் காட்டவேண்டும். அது பிறகு. முதலில் பதிவு மேஜையில் உட்கார், அடுத்து சாப்பாட்டில் நில், அதன்பின் ஒலிபெருக்கிக்காரரோடு ஒருநாள் கம்பி சுருட்டு. ஒவ்வொன்றிலும் கையில் கடிகாரமும் நோட்டும் இருக்கட்டும்.

மூன்று வாரம் கழித்து அதே கடைக்கு, அதே மேஜைக்கு வந்தாள். கோவில் அன்னதானத்தில் நின்றிருக்கிறாள். நோட்டில் பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருந்தாள்: ஒருவருக்குப் பதினாறு விநாடி, தண்ணீர்ப் பானை வரிசையின் நடுவில், அதனால் அங்கே முடிச்சு, செருப்பு விட்ட இடம் கைப்பிள்ளைக்காரிகள் திரும்பிப் போகும் வழியில். அடுத்த வருஷத்துக்குப் பானையைக் கிணற்றுப் பக்கம் நகர்த்தலாமா என்று நிர்வாகப் பெரியவரிடம் கேட்டாளாம். அவர், நாளைக்கே நகர்த்து பாப்பா, அடுத்த வருஷம் எதற்கு என்றாராம்.