ரூ.500 தள்ளுபடி சீட்டில் பாதி எங்கே போனது? துணிக்கடை முதல் ஜப்பான் ஓட்டல் வரை...

சென்னையில் ஆடி பிறந்துவிட்டால் தி.நகர் ரங்கநாதன் தெருவில் நடக்க முடியாது. கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டு போகும்!

ஆடியில் கல்யாணம் கிடையாது. புதுமனை புகுவிழா கிடையாது. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் பட்டுப்புடவை யார் வாங்குவார்கள்? அதற்குக் கடைக்காரர்கள் கண்ட வழிதான் ஆடித் தள்ளுபடி. ஆவணியில் புதுச் சரக்கு இறங்கும் முன்பு பழைய சரக்கு காலியாக வேண்டும். இது வியாபாரம். இதில் தப்பு இல்லை.

இப்போது தள்ளுபடியோடு சீட்டும் தருகிறார்கள். ‘கூப்பன்’ என்கிறார்கள். அங்கேதான் விஷயம்!

எறும்பு எழுத்து

பெரிய துணிக்கடை ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே 3 ஆயிரம் ரூபாய்க்குத் துணி எடுத்தோம். பில்லோடு 500 ரூபாய் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். வீட்டுக்காரிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மறுவாரம் போய்ச் சீட்டை நீட்டினோம்.

“பின்பக்கம் பாருங்க சார்” என்றார் கல்லாவில் இருந்தவர்.

பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க வேண்டும். தள்ளுபடி துணிக்குச் செல்லாது. ஒரு பில்லுக்கு ஒரு சீட்டுதான். ஆடி முடிந்தால் சீட்டும் முடிந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலில் 3,000. அப்புறம் 2,500. ஆக 5,500 ரூபாய் சரக்குக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறோம். நூற்றுக்கு 9 ரூபாய்தான் லாபம்! ‘9 சதவீதம்’ என்று போர்டு வைத்தால் யார் உள்ளே வருவார்கள்?

எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் சீட்டு கிடையாது. பில் 407 ரூபாய் வந்தால், “நானூறு குடுங்க சார், போதும்” என்பார். கறிவேப்பிலை, கொத்தமல்லி சும்மா. அதற்குக் கடைசித் தேதி எதுவும் இல்லை.

முந்தானையில் கிழிசல்

சீட்டைக் கொடுத்து எடுத்த புடவையை வீட்டில் பிரித்தால், முந்தானைப் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு இழை அறுந்திருக்கிறது!

மறுநாள் எடுத்துக்கொண்டு ஓடினோம்.

“சீட்டுல வாங்கினதை மாத்த மாட்டோம்மா. போர்டு போட்டிருக்கு பாருங்க.”

போர்டு இருந்தது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.’ பாதிப்பேர் இந்த வரியைப் படித்ததுமே திரும்பி வந்துவிடுகிறார்கள். ஆனால் சட்டம் வேறு சொல்கிறது.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது அது. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள் வாங்க வேண்டும். கெடு போடாவிட்டால் 30 நாள். பில் தர மறுப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிறம் பிடிக்கவில்லை, மாமியார் முகம் சுளித்தார் என்றெல்லாம் கொண்டுபோனால் இந்தச் சட்டம் உதவாது. சரக்கில் குறை இருக்க வேண்டும். பில் கையில் இருக்க வேண்டும்.

பில்லைக் காட்டி இதைச் சொன்னதும் மேலாளர் வந்தார். அரை மணி நேரம் உட்கார வைத்தார். வேறு புடவை வந்தது.

மறுத்திருந்தால்? 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசின் நுகர்வோர் உதவி எண் அது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

உறையில் வந்த ஜப்பான்

அதே துணிக்கடை பில்லோடு ஒரு உறையும் வந்தது. உள்ளே மூக்குக் கண்ணாடிக் கடை, உடற்பயிற்சிக் கூடம், அழகு நிலையம் என்று சீட்டுகள். நாலாவது, ஒரு ஜப்பான் ஓட்டல் சீட்டு! 2 ஆயிரத்துக்கு மேல் சாப்பிட்டால் 500 ரூபாய் தள்ளுபடி. வார நாளில் மட்டும்.

சென்னைக்கும் ஜப்பான் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவேண்டாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பான் கம்பெனிகள் வரிசையாக வந்தன. நிசான் கார் ஆலை 2010-ல் திறந்தது. வந்த என்ஜினீயர்களுக்கு ஊர்ச் சாப்பாடு வேண்டாமா? அவர்களுக்காக வந்த ஓட்டல்களில் இப்போது நம் ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு புதன்கிழமை மூன்று பேர் போனோம். நான், வீட்டுக்காரி, மைத்துனர்.

உட்கார்ந்ததும் கை துடைக்க ஈரத்துண்டு வந்தது. சுசி வந்தது. ஓரத்தில் பச்சையாக ஒரு உருண்டை. “கொத்தமல்லிச் சட்னி மாமா” என்று மைத்துனர் முழுதாக வாயில் போட்டுக்கொண்டார். அது வசாபி! காரம் நாக்கில் நிற்காது. நேரே மூக்கில் ஏறும். மனிதர் இரண்டு நிமிஷம் பேசவில்லை.

வீட்டுக்காரி ஆடி முழுக்க அசைவம் தொடமாட்டாள். மிசோ சூப் என்று ஒன்று. சோயா விழுதில் செய்வது, மேலே நாலு துண்டு பன்னீர் மாதிரி டோஃபு. பார்த்தால் சுத்த சைவம். கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனவள், “தம்பி, இதுல மீன் கீன் இல்லியே?” என்றாள்.

பரிமாறிய பையன் கள்ளக்குறிச்சிக்காரன். “இருங்கம்மா, கேட்டுட்டு வரேன்” என்று சமையல் கட்டுக்கு ஓடினான். திரும்பி வந்து, “குடிக்காதீங்கம்மா. காய்ஞ்ச மீன் போட்டுக் கொதிக்கவெச்ச தண்ணியாம்” என்றான். ஜப்பானில் பல சாப்பாட்டுக்கு அடிப்படையே அந்த மீன் சாறுதான். அவன் ‘சைவம்தாம்மா’ என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய சுசி ஒன்று வாங்கி வந்தான். அவள் அதைச் சாப்பிட்டாள்.

பில் வந்தது

சாப்பாடு 2,400. சீட்டுக்குக் கழிவு 500. மீதி 1,900. அதன்கீழே ‘சர்வீஸ் சார்ஜ்’ 10 சதவீதம். அதையும் 2,400-க்குப் போட்டு 240 ரூபாய்! எல்லாவற்றுக்கும் மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 2,247.

சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால்? 1,995 ரூபாய்தான். வித்தியாசம் 252. ஒரு கையால் கொடுத்த 500-ல் பாதியை மறு கையால் எடுத்துக்கொண்டார்கள்!

ஜி.எஸ்.டி. அரசு வரி. கட்டித்தான் ஆகவேண்டும். சர்வீஸ் சார்ஜ் அப்படி இல்லை. அதை ஓட்டல்கள் தாமாக பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. ஓட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த உத்தரவு செல்லும் என்று டெல்லி ஐகோர்ட் 2025 மார்ச்சில் தீர்ப்புக் கூறியது.

“இதை எடுத்திடுங்க” என்றேன்.

மேலாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. புது பில் அடித்துக் கொடுத்தார். கேட்டால் எடுக்கிறார்கள். கேட்காதவர்கள் எத்தனை பேரோ!

1,995 ரூபாயைக் கட்டினோம். மீன் தண்ணீர் என்று உண்மை சொன்ன பையன் கையில் தனியாக 100 ரூபாய் கொடுத்தேன். ஜப்பானில் டிப்ஸ் வாங்கும் வழக்கம் இல்லை. கள்ளக்குறிச்சிப் பையன் வாங்கிக்கொண்டான்.